அல்சேஷனுக்கு ஒரு பிடி அரிசி

வட்டக்கச்சியில் சனம் எங்களை "நாய்ச் சங்கம்" என்றுதான் சொன்னது. சங்கம் என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆட்கள் வேண்டும். எங்களிடம் டீச்சர் இருந்தார், நான் இருந்தேன், முல்லைத்தீவுப் பக்கம் இறைச்சிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா இருந்தார். மிச்சம் முழுக்க நாய்கள். அதுவும் ஊர் நாய்கள் இல்லை, அல்சேஷன்.

யுத்தநிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்த காலம் அது. தெற்கிலிருந்து சீமெந்து வந்தது, ஓடு வந்தது, பிளாஸ்ரிக் கதிரை வந்தது. அந்த லொறிகளிலேயே பெட்டிக்குள் அல்சேஷன் குட்டிகளும் வந்தன. வெளிநாட்டுக் காசில் வீடு கட்டினவர்களுக்கு மதில் வேண்டும், மதிலுக்குக் கேற் வேண்டும், கேற்றுக்குப் பின்னால் நின்று குரைக்க ஓர் அல்சேஷன் வேண்டும். குட்டியாக இருக்கும்வரை மடியில் வைத்துப் படம் எடுத்தார்கள். வளர்ந்ததும் அது ஓர் ஆளின் சாப்பாட்டைச் சாப்பிட்டது. வன்னி வெயிலில் தோல் வருத்தம் பிடித்து, மயிர் கொட்டி, நாறத் தொடங்கியது. பிறகென்ன, சந்தையடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றி எரிகிறது.

டீச்சர் எனக்குப் பக்கத்து வளவு. கணக்குப் படிப்பித்தவர். புருஷன் எப்போதோ செத்துப்போனார், பிள்ளைகள் இல்லை. சுத்த சைவம். முட்டை கூட அவருடைய படலையைத் தாண்டி உள்ளே வராது. அப்படிப்பட்டவர் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மதகடியில் கிடந்த ஒரு பெட்டை அல்சேஷனைச் சைக்கிள் ரியூப்பால் கட்டி மெல்ல மெல்ல நடத்திக்கொண்டு வந்தார். அதன் காதுக்குள் புழு. நான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"என்ன டீச்சர் கோதாரி இது? செத்த சவத்தை இழுத்துக்கொண்டு வாறியள்?"

"சாகேல்லைப் பிள்ளை. சாக விடுறேல்லை எண்டுதான் கூட்டிக்கொண்டு வாறன். நீர் உதில நிண்டு விடுப்புப் பாக்காமல் கொஞ்சம் வேப்பெண்ணெய் எடுத்துக்கொண்டு வாரும்."

எடுத்துக்கொண்டு போனேன். "அண்டைக்குப் பிடிச்ச சனியன் என்ர மகளை விடேல்லை" என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்த நாய்க்கு மயிர் திரும்ப முளைத்தது. பிறகு வேறு நாய்களும் வந்து சேர்ந்ததால் அவளை மூத்தவள் என்று கூப்பிடத் தொடங்கினோம். டீச்சர் பள்ளிக்கூடத்தால் வருகிற நேரத்துக்கு மூத்தவள் படலையடியில் நிற்பாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகுதான் கதைச்சத்தம் கேட்டது. "இண்டைக்கு ஒரு கழுதைக்கும் பின்னக்கணக்கு ஏறேல்லையடி" என்று டீச்சர் சொல்லுவார். மூத்தவள் காதை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருப்பாள். வேறு யார் இருந்தது அந்த வீட்டில், கேட்க?

"ஊரில எத்தினை நாய் தெருவில திரியுது, அதுகளை விட்டிட்டு ஏன் உந்தச் சாதி நாயைக் கட்டி அழுறியள்?" என்று எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

"ஊர் நாய்க்கு நாலு வீட்டுக் குசினி தெரியும்" என்றார் டீச்சர். "இது கேற்றுக்கு உள்ள வளந்தது. வெளியில விட்டால் விட்ட இடத்திலயே கிடந்து, விட்டவன் திரும்பி வருவான் எண்டு பாத்துப் பாத்துச் சாகும்."

சாப்பாடுதான் பெரும் பாடாக இருந்தது. டீச்சரின் சம்பளமும் கூட்டுறவுச் சங்கக்கடை வேலையில் எனக்குக் கிடைத்ததும் ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. அப்போதுதான் டீச்சர் ஒரு பழைய முறையைக் கையில் எடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறிய எங்கள் ஊர்க் குடும்பங்கள் எல்லாம் அறிந்த முறை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு தகரப் பேணியில் போட்டு வைப்பது. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் ஒரு காலம் சேர்த்தார்கள். டீச்சர் அதை நாய்க்குக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் சைக்கிளில் வீடு வீடாகப் போனோம். சில வீடுகளில் பேணி முட்ட வைத்திருந்தார்கள். சில வீடுகளில் எங்களைக் கண்டதும் குசினிக் கதவு சாத்தப்பட்டது. "நாய்க்கு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லை" என்று ஒரு மனிசி உள்ளே நின்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் சைக்கிளைத் திருப்பினேன். டீச்சர் கரியரைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டார்.

"சண்டை பிடிச்சால் அடுத்த கிழமையும் அரிசி வராது. பேசாமல் வாரும்."

நானா நீண்ட காலம் புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டு, பாதை திறந்ததும் திரும்பி வந்தவர். மாடு பார்க்க எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு பை எலும்பைப் படலையில் கொழுவிவிட்டுப் போவார். நாய்கள் ஓடிவந்தால் உடுத்த சாரத்தைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பாய்வார். "தொட்டால் நான் கழுவித் துடைச்சுத்தான் தொழவேணும் தங்கச்சி. அதுக்காகப் பசிச்ச வாய்க்குக் குடுக்காமல் விட ஏலுமே?" என்பார். முட்டைக்கே படலை திறக்காத டீச்சர், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வளவில் அந்த எலும்பை அவித்தார். அவித்து முடிந்ததும் கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு அள்ளி ஊற்றிவிட்டுத்தான் சுவாமி அறைக்குள் போவார். பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். அவருக்கு அது சிரிப்பில்லை.

வருடத்தில் ஒருமுறை வயல்கரை வைரவருக்கு மடை என்ற படையல் திருவிழா வரும். எங்கள் கூட்டமும் அன்றைக்குத்தான். வைரவரின் வாகனம் நாய், அதைவிடப் பொருத்தமான நாள் வேறு ஏது என்பது டீச்சரின் கணக்கு. நாய்களுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, நெற்றியில் திருநீறு பூசி, மருதமர நிழலில் கட்டினோம். "நாய் கவனம் எண்டு கேற்றில எழுதினது காணும், நாயையும் கவனியுங்கோ" என்று மட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மரத்தில் தொங்கவிட்டோம். பக்கத்தில் கச்சான் கடலையும் மோதகமும் விற்றோம். மருந்துக்கு அந்தக் காசுதான். கோயில் ஒலிபெருக்கியைக் கொஞ்ச நேரம் கெஞ்சி வாங்கி, வெயிலில் கட்டாதேங்கோ, விசர்நாய் ஊசி போடுங்கோ, வளர்க்க ஏலாட்டி வாங்காதேங்கோ என்று நான் கத்தினேன்.

கொஞ்சம் பேர் கேட்டார்கள். மிச்சப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். வெள்ளை வேட்டியோடு ஒருவர் முன்னால் வந்து, "வைரவரின்ர நாய் எங்கட கறுத்த ஊர் நாய். வெள்ளைக்காரன்ர நாய்க்கு என்னத்துக்கு இஞ்ச திருநீறு?" என்றார்.

எனக்கு வாய் நிற்காது. "ஏன் அண்ணை, வைரவர் சாதி பாத்தே நாயைச் சேத்தவர்? அவருக்கு வடைமாலை போடுறியள், அவற்ற வாகனத்தைக் கண்டால் கல்லுப் பொறுக்கிறியள். நல்ல பக்திதான்!" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டேன்.

சனம் கொல்லென்று சிரித்தது. ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அந்த மடைக்குப் பிறகு சந்தையடியில் அல்சேஷன் கிடப்பது குறைந்தது. சிலர் வந்து நாய் கேட்டார்கள். டீச்சர் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய் நிழல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். மூத்தவளை எத்தனையோ பேர் கேட்டார்கள். "அவள் குடுக்கிறதுக்கு இல்லை" என்பதோடு அந்தக் கதை முடிந்துவிடும்.

பிறகு யுத்தம் திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டியது. சாமான் விலை ஏறியது. நானா ஒருநாள் வந்து, திரும்பவும் புத்தளத்துக்கே போவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி எலும்புப் பையைக் கொழுவினார். அரிசிப் பேணிகள் அரைவாசிக்கு இறங்கின, பிறகு கால்வாசிக்கு. நாங்களே போய்க் கேட்பதை நிறுத்தினோம். உலையில் போடவே அரிசியில்லாத வீட்டில் நாய்க்கு ஒரு பிடி என்று எந்த வாயால் கேட்பது? இருந்த நாய்களில் ஒன்றிரண்டு நோய் வருத்தத்தில் செத்தன, மற்றவற்றுக்கு வீடு கிடைத்தது. மூத்தவள் மட்டும் மிஞ்சினாள்.

குண்டுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டாத வளவு இல்லை என்று ஆனபோது டீச்சரும் ஒன்று வெட்டுவித்தார். எல்லா வளவிலும் பிள்ளைகளுக்குப் பங்கருக்குள் ஓடப் பழக்கினார்கள். டீச்சர் நாய்க்குப் பழக்கினார். அல்சேஷனுக்கு வெடிச்சத்தம் என்றால் உயிர் போகும். மூத்தவள் சத்தம் கேட்டதும் எங்காவது கண்மண் தெரியாமல் ஓடிவிடுவாள் என்ற பயம் அவருக்கு. பங்கரின் மூலையில் ஒரு பிடி சோறு வைத்து, தகரத்தில் தடியால் அடித்து, "உள்ள போ" என்பார். போனால் தடவுவார். சத்தம் ஓயமுன் வெளியே வந்தால் ஏசுவார். கொஞ்ச நாளில், சத்தம் கேட்டால் மூத்தவள் தானே போய் மூலையில் படுக்கவும், ஓயும்வரை அசையாமல் இருக்கவும் பழகிவிட்டாள்.

"என்ர வகுப்பில ஒண்டும் இவ்வளவு கெதியாய்ப் படிக்கேல்லைப் பிள்ளை" என்று டீச்சர் பெருமைப்பட்டார். நானும் கை தட்டினேன்.

சண்டை கிட்ட வந்து ஊரே இடம்பெயர்ந்து எழும்பியபோது, உழவு இயந்திரக்காரர் நாயை ஏற்ற ஏலாது என்றார். அம்மாவை ஏற்றிவிட்டு நானும் டீச்சரும் மூத்தவளோடு தர்மபுரம் வரைக்கும் நடந்தோம். அங்கிருந்தும் எழும்பினோம். பிறகு எழும்புவதும் இருப்பதும்தான் வேலை. போகிற இடமெல்லாம் பங்கர் வெட்டினோம். டீச்சர் ஒவ்வொன்றிலும் மூலை ஒன்றை மூத்தவளுக்கு விட்டார்.

கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. டீச்சர் தன் கோப்பையில் பாதியை நாய்க்கு வார்ப்பதைக் கண்டு ஒருவர் வெடித்தார். "மனிசர் பட்டினி கிடக்கேக்க நாய்க்குக் கஞ்சியோ? உங்களுக்கு மனச்சாட்சி இல்லையே?"

"என்ர பங்குதான் தம்பி. நான் குடிக்காமல் குடுக்கிறன்" என்றார் டீச்சர். அவர் எலும்பும் தோலுமாக இருந்தார். என்னுடைய வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. கேட்டவர் கையில் ஒரு குழந்தை இருந்தது. அவர் கேட்டதும் நியாயம், டீச்சர் செய்ததும் நியாயம். அப்படியொரு காலத்தில் நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியில் கடற்கரை மணலில் இருந்தோம். ஒரு நாள் காலை, ஆமிப் பக்கம் போகலாம், பாதை விட்டிருக்கு என்று சனம் அள்ளுப்பட்டுப் போகத் தொடங்கியது. எங்கேயோ வெடிச்சத்தம் கேட்டது. மூத்தவள் நேரே பங்கருக்குள் இறங்கி மூலையில் படுத்துவிட்டாள். சத்தம் ஓயவில்லை. அவளும் வரவில்லை.

டீச்சர் மணலில் குப்புறப் படுத்து, பங்கருக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டார். "வாடி. என்ர ராசாத்தி, வெளியில வாடி. நான் சொல்லுறன், வா." கயிற்றைப் பிடித்து இழுத்தார். மூத்தவள் முதல் தடவையாக அவருக்குப் பல்லைக் காட்டினாள். படித்ததைச் செய்தாள், வேறென்ன?

"டீச்சர், சனம் போகுது. வாங்கோ."

"சத்தம் ஓஞ்சால் வருவாள். கொஞ்சம் பொறும் பிள்ளை. ஓயட்டும்."

ஓயவில்லை. ஒரு கையில் அம்மாவைப் பிடித்திருந்தேன். மற்றக் கையால் டீச்சரைத் தூக்கி நிறுத்தினேன். அவர் மடியில் முடிந்திருந்த கொஞ்ச அரிசியை அவிழ்த்தார். சமைக்காத பச்சை அரிசி, நாய் தின்னுமா தின்னாதா என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. அதைப் பங்கர் வாசலில் கொட்டிவிட்டு என்னோடு வந்தார். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வவுனியாப் பக்கத்து முகாமில் எங்களுக்கு ஒரே கூடாரம். அங்கே இழவு இல்லாத கூடாரம் இல்லை. ஒரு பெண் அழத் தொடங்கினால் அடுத்த கூடாரத்திலும் அழுகை எழும்பும். டீச்சர் அழுவதில்லை. கஞ்சி வந்தால் பாதியைக் குடித்துவிட்டு, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு அதையும் குடிப்பார். நாயைப் பற்றி நான் வாய் திறந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "வேண்டாம் பிள்ளை. உதைக் கதைக்கிற இடம் இதில்லை."

ஒருநாள் தண்ணீர் வரிசையில் அடுத்த கூடாரத்துப் பெண் எங்களோடு நின்றாள். இரண்டு ஆண்பிள்ளைகளையும் இழந்தவள். அங்கே சனம் ஊர் கேட்கிற மாதிரி, வீட்டில் யார் செத்தது என்பதையும் கேட்டுக்கொள்ளும். அவளும் டீச்சரைக் கேட்டாள்.

"அம்மா, உங்களுக்கு ஆர் போனது?"

டீச்சர் வாளியைக் கையில் எடுத்தார். வரிசை ஓரடி நகர்ந்தது.

"ஒருத்தரும் போகேல்லைப் பிள்ளை. எனக்கு ஆக்கள் இல்லை."

"குடுத்து வச்சனீங்கள்" என்றாள் அவள். குத்தலாகச் சொல்லவில்லை. மனதார, பொறாமையோடு சொன்னாள்.

எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? இரண்டு பிள்ளைகளைப் புதைக்கக்கூட முடியாமல் வந்தவளையா?

"ஓம் பிள்ளை" என்றார் டீச்சர். தண்ணீர் பிடித்து முடிந்ததும் தன் வாளியை ஒரு கையிலும் அந்தப் பெண்ணின் வாளியை மற்றக் கையிலும் தூக்கிக்கொண்டு கூடாரப் பக்கம் நடந்தார்.