என் திரைக்கு மட்டும் ஒரு பூஜ்யம்

என் தம்பி மகன் செல்வம் பொய்க் கணக்கு காட்டி என்னை ஏமாற்றிவிட்டான்.

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் துணிக்கடையில் பில் போட்டால், அது எங்கள் இணையக் கடைக்கும் போய்ச் சேர வேண்டும்; அப்போதுதான் விற்ற துணி அங்கேயும் இருப்பிலிருந்து கழியும். இந்தக் கணினி ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் செல்வம். போகாமல் வரிசையில் நிற்கும் பில்களின் எண்ணிக்கை என் திரையில் தெரியும். நானே கற்றுக்கொண்டு தினமும் கவனித்தேன். கொஞ்ச நாளாகப் பூஜ்யம்தான். மகிழ்ந்தேன்.

இன்று பென்னலூரிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. துபாயிலிருக்கும் சித்தப்பா நேற்று மாலை இணையத்தில் வாங்கிய வெள்ளைக் கவுன் வேண்டும். அதுவோ நேற்றுக் காலையே கடையில் விற்றுவிட்டது. அது இணையக் கடைக்குத் தெரியவில்லை என்றால், காலையில் போட்ட பில் போகாமல் வரிசையிலேயே நின்றிருக்கிறது; என் திரையிலோ பூஜ்யம்.

"இன்னா சார், காசு வாங்கிக்கினு இல்லன்றீங்க?" என்றார். குழந்தை என்னையே பார்த்தாள்.

செல்வத்துக்குப் போன் செய்தேன்.

"ஒரு பில் நின்னாக்கூட போன் பண்றீங்களே பெரியப்பா! அதான் உங்க ஸ்கிரீன்ல மட்டும் எப்பவும் பூஜ்யம் வர்ற மாதிரி வச்சேன். நிம்மதியா இருப்பீங்கன்னு."

செல்வம் இன்றே என் திரையில் உண்மையான எண்ணைக் கொண்டுவர வேண்டும். சென்னையெல்லாம் தேடி அதே போல் ஒரு கவுன் வாங்கி, பென்னலூருக்குப் போய் அந்தக் குழந்தையின் கையில் அவனே கொடுக்க வேண்டும். பில் நின்றால் நான் போன் செய்வேன். அவன் எடுக்க வேண்டும். கடை வைத்திருக்கும் நண்பர்களே, உங்கள் திரையில் பூஜ்யம் தெரிந்தால் அதை வைத்தது யார் என்று நீங்கள் விசாரிக்க வேண்டும்.