விளக்கு வைக்கிற நேரத்து வாக்கு

சைக்காலஜி படிக்கிறோம் என்று சொன்னால் போதும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கூட, "நான் இப்ப என்ன நெனைக்கிறேன், சொல்லு பாப்போம்" என்பார். எங்கள் வகுப்பில் இதற்கெல்லாம் அசராதவள் தவளக்குப்பத்து ஹேமலதா. "இவ எப்ப எறங்குவான்னு நெனைக்கிறீங்க" என்பாள்.

சுனாமிக்கு அடுத்த மாதம், கடைசி வருஷத்தில் இருந்த எங்களைக் களப்பயிற்சிக்கென்று பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்துக்கு அனுப்பினார்கள். ஆறுதல் சொல்லாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், எதிரில் இருப்பவர் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொல்லுங்கள், நாம் காது கொடுத்துக் கேட்கிறோம் என்று அவருக்குப் புரியும். எங்களுக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

ஹேமலதா போனது அங்கம்மாள் வீட்டுக்கு. மகன் பிரேம்குமாரைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காரியம் செய்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் பேசி முடித்திருந்தார்கள். சுவரில் இருந்த மகன் போட்டோவுக்கு இன்னும் மாலை போடவில்லை. அங்கம்மாள் விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எம் மவன் வந்துருவாம்மா."

"உங்க மவன் வந்துருவான்" என்றாள் ஹேமலதா, படித்தபடியே.

அங்கம்மாள் சட்டென்று எழுந்து அவள் நெற்றியில் குங்குமம் வைத்தாள். பாசம் என்று நினைத்துக்கொண்டு இவள் திரும்பிவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் கல்யாணமாகாத பெண் வாயில் வருவது பலிக்கும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. காரியம் நின்றது. யார் சொல்லியும் அங்கம்மாள் கேட்கவில்லை. களப்பயிற்சியில் ஹேமலதாவுக்குத்தான் முதல் மார்க். 'நன்றாகக் கேட்கிறார்' என்று பாராட்டு வேறு. நினைத்தால் எனக்கு இன்றும் எரிகிறது.

எங்கள் படிப்புக்கு ஆஸ்பத்திரி வேலையா காத்துக் கிடந்தது? தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் சேர்ந்தாள். அடுத்த வருஷம் கல்யாணமும் ஆனது. அதன்பிறகுதான் அங்கம்மாள் அங்கே தேடி வந்தாள்.

"எம் மவன் வந்தா வேல இல்லாம அலையக் கூடாது பாப்பா. ஒரு எடம் போட்டு வையி. நீ சொன்ன வாக்குக்குத்தான் காரியம்கூட பண்ணாம வச்சிருக்கேன்."

ஹேமலதா எழுந்தாள். கதவைச் சாத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அது வாக்கு இல்லம்மா. நீங்க சொன்னதத்தான் திருப்பிச் சொன்னேன். அவரு வரமாட்டாரு. வேணும்னா வெளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுக்கு வந்தே சொல்றேன்."

அங்கம்மாள் அவள் கழுத்தைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"தாலி ஏறிடுச்சே பாப்பா. இனிமே நீ சொல்றது செல்லாது. அன்னிக்குச் சொன்னதுதான் நிக்கும்."

வேலை கேட்டு வரும் பையன்களைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடுவது ஹேமலதாவின் வேலை. பிரேம்குமார் என்று ஒரு பெயர் வந்துவிட்டால், கூப்பிட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பாளாம்.

"மாலை போடாத அந்த போட்டோவுல இருக்கிற மூஞ்சியான்னு பாப்பேன்டி" என்றாள் என்னிடம். "வந்துட்டா எனக்கு நிம்மதி."