கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாள்

பல் இரண்டு பிடுங்கி ஐந்து வாரமாகியும் என் கணவரின் பல்முரசு, அந்த ஈறு, மூடவில்லை. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அவர், பொய்ப்பல் கட்டிய பிறகுதான் வாய்விட்டுச் சிரிப்பேன் என்றிருந்தார். நான் காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் சூடாக்கிக் கொப்பளிக்கக் கொடுத்தேன். சீழ் நிற்கவில்லை. இப்படியே போனால் தாடையெலும்பை வெட்ட வேண்டி வரும் என்ற பல் வைத்தியர், வாயைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியாத வீடு என்பதுபோல் என்னைப் பார்த்தார். அவர் மேசையில் என் கணவரின் சலரோக, அதாவது நீரிழிவு, கிளினிக் அட்டை கிடந்தது. மாதாமாதம் ‘நன்று’ என்று எழுதிய அட்டை.

அது எப்படி நன்றானது என்று எனக்குத் தெரியும். கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்னதாகவே எங்கள் குசினியில் சோறும் சீனியும் நின்றுவிடும். குரக்கன் எனும் கேழ்வரகில் அவித்த பிட்டும் பாகற்காயும்தான். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் சலரோகம் இருந்த வீடுகளிலெல்லாம் இதுவே வழக்கம், பரீட்சைக்குப் படிப்பதுபோல. கிளினிக்கில் சிறுநீரை நீல மருந்தோடு காய்ச்சுவார்கள்; நிறம் மாறாவிட்டால் சிறுநீரில் சீனி இல்லை, பரீட்சை பாஸ். திரும்பும் வழியில் தேத்தண்ணீர்க் கடையில் சீனி இரட்டிப்பாகும். அந்தப் பிட்டை அவித்தவள் நான். இன்றும் என்னைச் சுடுவது அதுதான்.

அடுத்த கிளினிக் நெருங்கியபோது அவர் கேட்டார்.

“இஞ்சாரும், நாளையிண்டைக்கு கிளினிக். குரக்கன் மா கிடக்கோ?”

“ஓம், கிடக்கு. அவிக்க மாட்டன்.”

“விசர்க்கதை கதையாதையும். டொக்டர் ஏசுவார்.”

“ஏசட்டும். டொக்டரை ஏமாத்தலாம். சீனி குறையாமல் புண் ஆறாது; உங்கடை முரசு அட்டை வாசிக்காது.”

வீம்புக்கு அவர் இரண்டு நாளும் சோறே தின்றார். தேநீருக்கு இன்னொரு கரண்டி சீனி கேட்டு வாங்கினார். கொடுத்தேன்.

கிளினிக்கில் சோதனைக் குழாயின் நீலம் செங்கல் நிறமானது; சீனி அவ்வளவு கூட. மனைவி ஒழுங்காகச் சமைத்துத் தரவில்லை என்று அவர் என்னைக் கைகாட்டினார். வைத்தியரும் என் மீதே பாய்ந்தார். அதுவரை உயராத என் குரல் உயர்ந்தது.

“இவ்வளவு மாசமும் ரெண்டு நாள் நான் அவிச்ச பிட்டுக்குத்தான் நீங்கள் நன்று எண்டு எழுதினனீங்கள். மிச்ச நாளை ஒருத்தரும் கேக்கேல்லை.”

வைத்தியர் பழைய பக்கங்களைப் புரட்டினார். அன்றே இன்சுலின் ஊசி தொடங்கியது. ஊசியில் சீனி இறங்கி வாரங்கள் போக, சீழ் வற்றிக் குழியின் ஓரம் இளஞ்சிவப்பாகக் கூடியது. தினமும் டோர்ச் பிடித்துப் பார்த்தவள் நான்தான்; கோபம் ஆறாவிட்டாலும் வெளிச்சம் விலகாமல் பிடித்தேன்.

பொய்ப்பல் கட்டிய அன்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்தார். அழகாகத்தான் இருந்தார். நான் குரக்கன் பிட்டை மேசையில் வைத்தேன். கிளினிக்குக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.