முருகையாவின் லோரி போகாத ஊர்கள்

குகனேஸ்வரனுக்குக் கோபம் வருவது அபூர்வம். மலேசியாவில் மலைமேல் இருக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் இருபது வருடமாக நிற்பவர், அந்தச் சூட்டுக்கே முகம் சுளிக்காதவர். ஆனால் கைப்பேசியில் ‘இலவசப் புத்தகம்! குறிப்பிட்ட நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டும்’ என்ற வரியைப் பார்த்துவிட்டால் போதும், கோபம் பொத்துக்கொண்டு வரும்.

புத்தகம் பரிசாகத் தரும் போட்டி எங்கே நடந்தாலும் அவர் ஓடிப்போய்ப் பார்ப்பார். லண்டன்காரர்கள் லண்டன்காரர்களுக்குக் கொடுப்பார்கள், சென்னைக்காரர்கள் இந்தியாவுக்குள் கொடுப்பார்கள். மலேசியாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஒருமுறை பொறுக்கமாட்டாமல் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு எழுதியே விட்டார்: “மலைமேல இருக்கிற நாங்க மனுசங்க இல்லையா?”

பதில் மரியாதையாக வந்தது. “அன்புள்ள வாசகரே, வெளிநாட்டுத் தபால் செலவு புத்தக விலையை மிஞ்சிவிடுகிறது. பரிசுப் போட்டிச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. சில நூல்களை இந்தியாவில் விற்க மட்டுமே எங்களுக்கு உரிமை உண்டு. மனமார வருந்துகிறோம்.”

“எல்லாம் சாக்கு. ஒரு புக்கு அனுப்ப என்னா செலவாகிடப் போவுது? மனசு வேணும்லா,” என்றார் மனைவி சாந்தினியிடம்.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வாழ்நாளில் எதையும் அவர் தபாலில் அனுப்பியதில்லை. சாந்தினியின் அண்ணன் முருகையா பக்கத்து ஊரான கியா பார்மில் காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஈப்போ அக்காவுக்குத் தேயிலைத்தூள், கோலாலம்பூரில் படிக்கும் மகளுக்கு ஊறுகாய், சிங்கப்பூர் சித்தப்பாவுக்கு வேட்டி எல்லாம் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து போய்ச் சேர்ந்துவிடும். கூலி ஒரு கிளாஸ் தே தாரேக் டீ. உலகம் முழுக்க அந்த லோரி போகும் பாதையில்தான் இருக்கிறது என்று குகனேஸ்வரன் தாமாகவே முடிவு செய்துகொண்டார்.

போன வருடம் தோட்டத்துக் கதைகளைத் தொகுத்துச் சொந்தச் செலவில் ஒரு புத்தகம் போட்டார். ஈப்போவில் அச்சான கட்டுகள் அதே லோரியில் ஏறி வந்தன. பதிப்பகங்களுக்குப் பாடம் புகட்டுவதுதான் பாக்கி. முகநூலில் எழுதினார்: “இலவசப் புத்தகம்! உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அனுப்பி வைப்பேன். நான் நாடு பார்க்கிறவன் இல்லை.” அன்று அவர் நடந்த நடையைப் பார்த்து மேனேஜரே ஒதுங்கி வழிவிட்டார்.

கேட்டவர்களின் பெயரையெல்லாம் எழுதிக் காலி மைலோ டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கி சாந்தினி ஒன்றை எடுத்தாள். நோர்வேயின் வடகோடியில் இருக்கும் சுகிர்தா என்ற யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு விழுந்தது.

“ஏங்க, நோர்வேக்கு எங்கண்ணன் லோரி போவுமா?” என்று சாந்தினி கேட்டாள்.

மறுநாள் டவுன் அஞ்சலகத்தில் பொட்டலத்தை எடைபோட்ட பெண் சொன்ன தொகையைக் கேட்டு, குகனேஸ்வரன் அதைத் திரும்பத் தம் கையிலேயே வாங்கிக்கொண்டார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். புத்தகம் தீர்ந்துவிட்டது என்று எழுதிவிடலாமா என்று பார்த்தார். கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடப்பது கடவுளுக்குத் தெரியும். அது மட்டுமில்லை, சுகிர்தா ஒரு வரி எழுதியிருந்தாள்: “நம்பேலாமல் கிடக்கு அண்ணா. நான் ஒருநாளும் ஒண்டிலயும் வெண்டதில்லை.” அவரும் ஒருநாளும் ஒன்றிலும் வென்றதில்லை. அந்த வரியைப் படித்த பிறகு அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

வெளியீட்டு விழாவுக்குப் புதுச்சட்டை வாங்க வைத்திருந்த பணம் நோர்வேக்குப் போயிற்று. பிரிஞ்சாங் கோயில் மண்டபத்தில் பழைய சட்டையோடு மாலை வாங்கிக்கொண்டார். கோயில் தலைவர் ரெங்கசாமி, “எழுத்தாளர்னா இப்படி எளிமையா இருக்கணும்!” என்று ஒலிபெருக்கியில் புகழ்ந்தார். முன்வரிசையில் சாந்தினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து சுகிர்தா படம் போட்டாள். பனியில் நின்று புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். குகனேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டை என்ன பெரிய சட்டை என்று நினைத்தார். அந்த நினைப்பு கீழே இருந்த கருத்துகளைப் படிக்கும்வரை நின்றது. கனடா, மொரிசியஸ், நியூசிலாந்து எல்லாம் வரிசையில் நின்றன: “அண்ணா, அடுத்த பரிசு எப்போது?”

கொடுக்காமல் இருக்கவும் மனம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்து அறிவித்தார்: “இலவசப் புத்தகம்! ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர்வாசிகளுக்கு மட்டும்.”

முதல் கருத்து மொரிசியஸிலிருந்து வந்தது. “கடல் நடுவில் இருக்கும் நாங்கள் மனிதர்கள் இல்லையா?”

“என்னா பதில் போடப் போறீங்க?” என்றாள் சாந்தினி, தோளுக்குமேல் எட்டிப் பார்த்து.

அவர் கைப்பேசியைத் துழாவி, அந்தச் சென்னைப் பதிப்பகத்தின் பழைய பதிலைக் கண்டுபிடித்தார். அப்படியே நகலெடுத்து ஒட்டினார். போட்டிச் சட்டமும் விற்பனை உரிமையும் தமக்குப் பொருந்தாது என்று அவற்றை அழித்தார். தபால் செலவை விட்டுவைத்தார். ‘மனமார வருந்துகிறோம்’ என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதையும் விட்டுவைத்தார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது.