அக்கி எழுதும் இருசப்பனின் கண்

இருசப்பன் தன் டீக்கடைக்குப் போட்ட போகஸ் லைட், கடையைவிட எதிர்வீட்டு மணிவேலின் வாசலைத்தான் நன்றாகக் காட்டியது. வருஷக்கணக்காக மணிவேலுக்கு இதே வயிற்றெரிச்சல். மழை விட்டால் போதும், அடி அண்ணாமலை நெல்வயலில் இருக்கிற பூச்சி மொத்தமும் அந்த வெளிச்சத்துக்கு வந்து, இடம் பத்தாமல் மணிவேலின் சோற்றில் விழும்.

கேட்டால், "பௌர்ணமிக்கு மலையச் சுத்த வர்ற ஜனங்க இருட்டுல தடுக்கி வுழணுமா?" என்பார் இருசப்பன்.

பௌர்ணமியில் ஏது இருட்டு என்று திருப்பிக் கேட்க மணிவேலுக்குத் தைரியம் இல்லை. இருசப்பன் வெறும் டீக்கடைக்காரரா என்ன? அக்கி எழுதுகிறவர். உடம்பில் கொப்புளம் கண்டால், காவிமண்ணைக் குழைத்து அதன்மேல் சிங்கம் எழுதி அனுப்புவார். காசு தொடமாட்டார், மகான். எழுதிக்கொண்டவன் டீ குடிக்காமல் நகர முடியாது, அவ்வளவுதான். அந்தச் சிங்கம் பூனைபோல இருப்பதையும் யாரும் சொல்வதில்லை. நாளைக்கு நமக்கும் அக்கி வரலாம் அல்லவா?

அந்தப் பூச்சிகளில் ஒன்று எறும்புபோல நீளமாக, சிவப்பும் கறுப்புமாக இருக்கும். கழுத்தில் ஊர்ந்தால் கை சும்மா இருக்குமா, நசுக்கித் தேய்க்கும். மறுநாள் சூடு இழுத்ததுபோலக் கொப்புளிக்கும். பூச்சியை மறந்துவிட்டு, அக்கி என்று ஊரே இருசப்பனிடம் ஓடும். அவர் லைட், அவர் சிங்கம், அவர் டீ.

இந்த ஐப்பசியில் ஒரு பூச்சி அவருடைய இமைமேலேயே உட்கார்ந்தது. கசக்கிவிட்டார். மறுநாள் அந்தக் கண் வீங்கி மூடிக்கொண்டது. கண்ணாடியைப் பார்த்துத் தானே இமையில் சிங்கம் எழுதிக்கொண்டார். சாயங்காலம் மறு கண்ணிலும் நீர் வழிய, சுவரைப் பிடித்துத்தான் நடந்தார்.

அவர் மனைவி உண்ணாமலை மணிவேலைக் கூப்பிட்டாள். "தம்பி, வண்டிய எடு. இவரு சிங்கம் கண்ணத் தின்னுடும் போலக்குது."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரே சிரிக்கும்டி!"

"கண்ணு போச்சுன்னா எவன் சிரிக்கிறான்னு உனக்கு எப்படித் தெரியும்? ஏறுய்யா!"

டவுனில் கண் டாக்டரம்மா காவியைக் கழுவிப் பார்த்து முறைத்தார். "இது அக்கியே இல்லைங்க. பூச்சிய நசுக்கினா அதோட விஷத்தண்ணி பட்டு வெந்துடும். நசுக்காம ஊதித் தள்ளிட்டு, சோப்புப் போட்டுக் கழுவணும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும். யாருங்க இதுமேல மண்ணு பூசினது?"

இருசப்பன் நல்ல கண்ணால் மணிவேலைக் கெஞ்சினார்.

"எங்க ஊர்ல ஒரு பெரிய வைத்தியருங்க" என்றான் மணிவேல். "ரொம்பக் கைராசிக்காரர்."

கண்ணுக்கு மருந்தோடு திரும்பும்போது, ஊருக்குச் சற்று முன்னால் இருசப்பன் வண்டியை நிறுத்தச் சொன்னார். தூரத்தில் கடைமுன்னால் நாலு பேர் நிற்பது தெரிந்தது. இடுப்பிலிருந்து காவிக்கட்டியை எடுத்து நீட்டினார்.

"கண்ணு பக்கம் வேணாம், அந்தம்மா திட்டும். கன்னத்துல ஒரு சிங்கம் எழுதிவுடு."

"எனக்கு எலிகூட வராதேண்ணா."

"வால மட்டும் ஒழுங்காப் போடு தம்பி. மீதிய ஜனங்க பாத்துக்கும்."