தேங்காய் விழுந்த டேங்க்

எங்கள் பக்கம் தேங்காய்க்குக் கண் உண்டு என்பார்கள். மூன்று கண் இருப்பதால் அது பார்த்துத்தான் விழுமாம், ஆள் தலையில் விழவே விழாதாம். ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில், தென்னையிலிருந்து ஒரு நெற்றுத் தேங்காய் என் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் விழுந்தபோதும் அப்பா அதைத்தான் சொன்னார்.

"பாத்தியா, ஆள் மேலயா விழுந்துச்சு? வண்டி மேலதான விழுந்துச்சு."

டேங்கின் மேல்பக்கம், மூடிக்குப் பின்னால், பெரிய பணியாரக் குழி அளவுக்கு ஒடுக்கு விழுந்திருந்தது. பெயிண்ட் உரியவில்லை. தேங்காய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா அதை எடுத்துக் காதுப் பக்கம் வைத்து ஆட்டி, தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார். எனக்கு எரிச்சல் வந்தது அப்போதுதான்.

அந்த இடத்தில்தான் என் மகள் உட்காருவாள். நான்கு வயது. நான் ஆபீசுக்குக் கிளம்பும் வரைக்கும் நிற்கிற வண்டியில் ஏறி, டேங்க் மேல் உட்கார்ந்து, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே புதுக்கோட்டை வரைக்கும் ஓட்டிப் போய் வருவாள். சாப்பிட வா என்று அவளுடைய அம்மா எத்தனை தடவை கூப்பிட்டாலும் இறங்க மாட்டாள். அன்றைக்குப் பணியாரம் என்பதால் முதல் கூப்பாட்டிலேயே இறங்கி ஓடினாள். முதல் பணியாரத்தைக் கடித்தபோது வாசலில் சத்தம் கேட்டது.

எல்லோரும் வாசலுக்கு வந்து டேங்கையே சுற்றி நின்றோம். ஒடுக்கு எடுக்க முடியுமா, புது டேங்க் மாற்ற வேண்டியிருக்குமா என்றெல்லாம் பேசினோம். வேறு எதையும் யாரும் பேசவில்லை. என் மனைவி மட்டும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்று வெகுநேரம் இறக்கிவிடவே இல்லை.

சாயங்காலம் அப்பாவிடம் மரத்தை வெட்டிவிடலாம் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார்.

அந்த மரத்தின் கதை ஊருக்கே தெரியும். கஜா புயலில் எங்கள் தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. விடிந்து பார்த்தபோது வாசலில் இருந்த இது ஒன்றுதான் நின்றது, அதுவும் முற்றத்தின் மேல் சாய்ந்துகொண்டு. அதிலிருந்து அப்பாவுக்கு அது மரம் இல்லை. பெத்த பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார். நான் அவருக்கு ஒரே பிள்ளை, கூடவே இருந்து சோறும் போடுகிறேன் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

"வண்டிய அங்கிட்டு நிப்பாட்டு" என்றார்.

"பிள்ளை எங்கிட்டும்தானப்பா வெளையாடுது. முத்தம் பூராவும் அந்த மரம்தான் இருக்கு."

"காயி முத்துறதுக்கு முன்னாடியே பறிச்சுப்புடுவோம்."

எங்கள் ஊருக்கு மரமேறுகிறவர் ஒருவர்தான். வியாழக்கிழமை வருகிறேன் என்பார். எந்த வியாழக்கிழமை என்று சொல்ல மாட்டார். நான் இதைச் சொன்னதும் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

நானும் பிடிவாதக்காரன்தான். மரம் போகிற வரைக்கும் டேங்கைச் சரிசெய்வதில்லை என்று இருந்துவிட்டேன். தினமும் அவர் கண்ணில் படும்படி வண்டியை, குலைக்குக் கீழே வராமல் கொஞ்சம் தள்ளி, ஒடுக்கு தெரிகிற மாதிரி நிறுத்துவேன். ஆபீசில் கேலி செய்தார்கள். இளநீர் கேட்டு வண்டியைத் தென்னையில் மோதிவிட்டேனா என்று ஒருவர் கேட்டார். நான் கண்டுகொள்ளவில்லை. என் எண்ணத்தைக் கெடுத்தது என் மகள்தான். கடைக்குப் போகும்போது முன்னால் ஏறி உட்கார்ந்தவள், "அப்பா, இப்ப வழுக்கவே இல்லப்பா, குழியில நல்லா உக்கார முடியுது" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஒடுக்கு ஒரு நாளும் இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதே சமயத்தில் அப்பாவும் வந்து நின்றார். "வாப்பா, புதுக்கோட்டைக்குப் போயி டேங்க சரி பண்ணிட்டு வந்துருவோம்."

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. ஒடுக்கு போனால் பேச்சும் போய்விடும். சாட்சியைக் கலைக்கப் பார்க்கிறார். இருந்தாலும் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன்.

டிங்கரிங் பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பெட்ரோலை ஒரு கேனில் இறக்கி, டேங்கைக் கழற்றி, ஒடுக்கைத் துடைத்துவிட்டு வெயிலில் வைத்தார். தகரம் கொஞ்சம் சூடானால்தான் இழுக்கும்போது இசையும், இந்த ஊர் வெயிலே போதும் என்றார். பிறகு பசையைச் சூடாக்கி, ஒரு பிளாஸ்டிக் குமிழை ஒடுக்கின் நடுவில் ஒட்டினார். அது இறுகும் வரைக்கும் பேச்சுக்குக் கேட்டார்.

"எப்புடிங்க விழுந்துச்சு? வண்டி சாஞ்சா இந்த எடத்துல அடி படாதே."

"தேங்கா விழுந்துச்சுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வண்டி மேல யாரும் இல்லையே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரைக்கும் யாரும் கேட்டிருக்கவில்லை. இல்லைங்க என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்.

"பேத்தி இருந்துச்சுங்க. அப்பத்தான் எறங்கிப் போச்சு."

பட்டறைக்காரர் பசை இறுகிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார். குமிழைப் பிடித்து இழுக்கிற கருவியில் மாட்டி ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். ணங்கென்று சத்தம் வந்தது. அப்பாவுக்குத் தூக்கிப்போட்டது. மறுபடி ஒட்டி, மறுபடி இழுத்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்பா கண்ணை மூடித் திறந்தார். கடைசியில் மேடு தட்டிய இடங்களை ஒரு கட்டையால் லேசாகத் தட்டிச் சமமாக்கி, துணியால் துடைத்துக் காட்டினார். பள்ளத்தை நிரப்பப் பட்டியும் வைக்கவில்லை, பெயிண்டும் அடிக்கவில்லை. சொன்னால் ஒழிய தெரியாது.

அப்பா கிட்டே போய் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. டேங்கை மாட்ட வேண்டும், கொஞ்சம் தள்ளிக்குங்க என்று பட்டறைக்காரர் சொன்ன பிறகுதான் விலகினார்.

மறுநாள் நான் கிளம்புவதற்கு முன்பே மரம் அறுக்கிற மிஷினோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். நான் கூப்பிடவில்லை. அப்பா உள்ளே டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மரம் விழுந்த அதிர்வில் ஜன்னல் கதவு ஆடியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை. பாவமாக இருந்தது.

முற்றம் வெளிச்சமாகிவிட்டது. பழைய இடத்திலேயே வண்டியை நிறுத்த ஆரம்பித்தேன். விடுமுறை நாளில் என் மகள் வழக்கம்போல ஏறினாள், ஏறிய வேகத்தில் அலறிக்கொண்டு இறங்கினாள்.

"ஐயா, சுடுது!"

தாத்தாவை அவள் ஐயா என்றுதான் கூப்பிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். டேங்கைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. அவள் அங்கே உட்கார்ந்ததே நிழல் இருந்ததால்தான் என்பது எங்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. தேங்காய் விழுந்தும் நின்றுபோகாத விளையாட்டு, மரம் போனதும் நின்றுபோனது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பினேன். வீட்டுக்குள் நுழையும்போதே முற்றத்தில் வண்டிச் சத்தம் கேட்டது, வாயால் போடுகிற சத்தம். டேங்க் மேல் ஒரு துண்டை நனைத்து விரித்திருந்தார்கள். அதன் மேல் என் மகள் ஹேண்டிலைப் பிடித்தபடி வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா மரம் நின்ற இடத்தில் நின்று, கையை நீட்டி அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் வெயில் அடித்தது.

"எங்கிட்டு ஆத்தா போற?" என்று கேட்டார்.

"புதுக்கோட்டைக்கு."

"மெதுவாப் போ. அவசரமில்ல."