மயில் உள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

தென்னேரி ஏரியில் நான் பார்த்த பறவைகளின் பட்டியலை முதல் தடவை அனுப்பியபோது அதில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. நாற்பதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. மயில் உள்ளான், ஆண், குஞ்சுகளுடன். 'சாதாரண உள்ளானாக இருக்கலாம், புகைப்படம் தேவை' என்று ஓரத்தில் குறிப்பு. சென்னையிலிருந்து வந்து ஏரிப் பறவைகளைக் கணக்கெடுக்கும் ஒரு சிறு குழு அது. குறிப்பை எழுதியவர் பட்டியலைத் தொகுக்கும் பெரியவர்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் இன்ஸ்ட்ருமென்டேஷனில் டிப்ளமா முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ஆதாரம் இல்லாத அளவுகளைத் தினமும் திருப்பி அனுப்புவதே என் வேலை. அவர் செய்தது சரி. அதனால் ஒரு வருடம் காத்திருந்தேன். கல்யாண போட்டோ எடுப்பவர் ஒருவர் ஒதுக்கிவைத்த ஃபிலிம் கேமராவையும் நீள லென்ஸையும் வாங்கி, மொட்டைமாடியில் காக்காய்களைப் படமெடுத்துப் பழகினேன். கிளம்புமுன் சரிபார்க்க வேண்டியவை என்று நோட்டில் பதினொரு வரி எழுதினேன்.

பங்குனி பிறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. இருட்டோடு ஏரிக்கரைக்குத் தனியாகப் போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். "நான் கூடப் போறேன் அத்தை" என்று அண்ணி புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். என்னைவிட இரண்டே வயது மூத்தவள். எங்கள் வீட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றுவது அவள் கைவேலை. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகும் சின்னக் குழல்களில் பட்டு நூலை ராட்டையில் சுற்றிச் சுற்றி நிரப்ப வேண்டும். பத்தரை மணிக்கு அண்ணன் தறியில் உட்காரும்போது கூடை நிறைந்திருக்க வேண்டும்.

சின்ன காஞ்சிபுரத்தில் முதல் பஸ் ஏறி, ஐயம்பேட்டை தாண்டி வாலாஜாபாத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கரைமேல் ஏறியபோது நன்றாக விடிந்திருந்தது.

முதல் படம் முக்குளிப்பான். இரண்டும் மூன்றும் செந்நாரை. நான்கிலிருந்து ஏழுவரை நத்தைகுத்தி நாரைகள். ஒவ்வொன்றுக்கும் நேரமும் தூரமும் குறித்துக்கொண்டேன். கறுப்பு உடம்பும் நெற்றியில் பளிச்சென்ற வெள்ளையுமாக நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன.

"இதுங்க நம்ம தெருவுலேர்ந்து வந்ததா? காலங்காத்தால குளிச்சிட்டு நாமம் போட்டுக்கினு இருக்குதுங்களே" என்றாள் அண்ணி.

"மெதுவா பேசுங்க அண்ணி. பறந்துடும்."

"பேசாம இருக்கிறதுக்கு அந்த ராட்டை கிட்டயே குந்திக்கினு இருந்திருப்பேனே."

மதகுக்குப் பக்கத்தில் கோரைப் புல் முடிந்து சேறு தொடங்கும் இடத்தில் அது வெளியே வந்தது. முதுகில் பொன்னிறப் பட்டை, கண்ணைச் சுற்றி வெளிர்நிற வளையம். பின்னாலேயே பஞ்சு உருண்டைகள் போல மூன்று குஞ்சுகள். சந்தேகமே இல்லை. இருபத்திரண்டிலிருந்து இருபத்தேழுவரை ஆறு படங்கள் எடுத்தேன். குடும்பம் மறுபடி கோரைக்குள் போய்விட்டது.

"அம்மாக்காரி நல்லா பார்த்துக்கிறா" என்றாள் அண்ணி.

"அது அப்பா. இந்த இனத்துல அடைகாக்கிறது, வளர்க்கிறது எல்லாம் ஆண்தான். அம்மா முட்டை போட்டுட்டு வேற ஜோடி தேடிப் போயிடும்."

"உங்க அண்ணனை இங்க கூட்டிக்கினு வந்து காட்டணும்." சிரித்துவிட்டு என் கையில் இருந்த கேமராவைக் காட்டினாள். "ஏம்மா, ஒண்ணு கேட்கட்டா? நீ இந்தப் பக்கம் தள்ளும்போது அந்தப் பக்கத்துக் குமிழு சுத்தவே இல்லியே, அது அப்பிடித்தானா?"

"எது?"

"ராட்டையில வலது பக்கம் தார் சுத்திக்கினா இடது பக்கத்துக் கழி நூலு விடணும் இல்ல? கழி சுத்தலன்னா நூலு அறுந்துபோச்சின்னு அர்த்தம். நான் வந்ததுலேர்ந்து பார்த்துக்கினே இருக்கேன், அது ஆடவே இல்ல."

படம் எடுத்த பிறகு நெம்புகோலைத் தள்ளினால் ஃபிலிம் நகர வேண்டும். நகர்ந்தால் இடது குமிழ் தானாகச் சுற்றும். எண்ணிக்கை காட்டும் முள் மட்டும் ஃபிலிம் நகராவிட்டாலும் முன்னேறிக்கொண்டே இருக்கும். குமிழை மெல்ல அரைச்சுற்றுத் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பிடிப்பும் இல்லாமல் வந்தது. கேமராவின் முதுகைத் திறந்தேன். ஃபிலிமின் நுனி பல்சக்கரத்தில் மாட்டாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இருபத்தேழு படங்களும் இல்லை. நோட்டில் எழுதிய பதினொரு வரிகளில் இந்தச் சோதனை இல்லை.

"தெரியாம சொல்லிட்டேனா?" என்றாள் அண்ணி, என் முகத்தைப் பார்த்து.

"இல்ல அண்ணி. நல்லவேளை சொன்னீங்க."

நுனியை மாட்டி, இரண்டு முறை தள்ளி, குமிழ் சுற்றுகிறதா என்று இருவருமாகப் பார்த்த பிறகே மூடினேன். மணி ஏழரை. கோரை அசையவில்லை. எட்டு மணி ஆட்டோவை விட்டால் தார்க்கூடை நிறையாது. நான் பையை எடுத்தேன். அண்ணி கரைச்சரிவில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க அண்ணன் ஒரு நாளைக்கு அவரே சுத்திக்கட்டும். அந்த அப்பா கிட்ட கத்துக்கட்டும். நீ உட்காரு."

உட்கார்ந்தோம். அண்ணி அத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எட்டேகாலுக்கு வெயில் சேற்றின்மேல் விழுந்தபோது ஆண் பறவை வெளியே வந்து நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு நடந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. நான் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். அண்ணி குமிழைப் பார்த்தாள். ஒவ்வொரு படத்துக்கும் "சுத்துது" என்று மூச்சுக்குள் சொன்னாள். ஒன்பது முறை சொன்னாள்.

ஒன்பதில் நான்கு தெளிவாக வந்தன. ஒன்றில் கண்வளையம், முதுகுப் பட்டை, மூன்று குஞ்சுகள் எல்லாமே எண்ணிப் பார்க்கும்படி இருந்தன. அதை அனுப்பினேன். பார்த்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் எழுதினேன். பத்து நாள் கழித்துப் பெரியவர் தொலைபேசியில் பேசினார்.

"படம் அருமைம்மா. இந்த ரெண்டாவது பேரு யாரு? பறவைகளைப் பத்திப் படிச்சவங்களா?"

"இல்ல சார். ஆனா அவங்க கவனிக்கலேன்னா இந்தப் படமே இல்ல."

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்போ ரெண்டு பேரும் இருக்கணும்" என்றார்.

போன வருடத்துப் பதிவுகளையும் சேர்த்துத் தொகுத்த புதுப் பட்டியல் தபாலில் வந்தபோது ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தோம். அண்ணி தன் பெயரை இரண்டு முறை படித்தாள். பிறகு விரல் மேலே போய் நின்றது.

"போன வருஷத்துக் கேள்விக்குறி அப்படியே இருக்குதே! அதையும் அழிக்கச் சொல்லு. நீ பார்த்தது நிஜம்தான?"

"நிஜம்தான். ஆனா போன வருஷத்துக்குப் படம் இல்ல அண்ணி. நானா இருந்தாலும் அழிச்சிருக்க மாட்டேன்."

அவளுக்கு ஒப்பவில்லை. எனக்கு அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கேட்டவுடன் அழித்துவிடுகிற பட்டியலில் இடம் பிடித்து என்ன பயன்? கேள்விக்குறிக்கு அடுத்த வரியில் இந்த வருடத்து மயில் உள்ளான், ஆண், குஞ்சுகள் மூன்று, எங்கள் இரண்டு பெயர்கள். அந்த வரியின் ஓரம் வெள்ளையாக இருந்தது.